வெகுமதியை வழங்குபவர் யார்? நைராவின் சரிவும் ஊக்கத்தொகைகளின் வரலாறும்

கிரிப்டோ நாணய உலகில் ‘ஸ்டேக்கிங்’ என்றோர் ஏற்பாடு உண்டு. தம்மிடமுள்ள நாணயத்தை விற்காமலும் செலவிடாமலும் வலைப்பின்னலில் முடக்கி வைப்போருக்கு, அவ்வலைப்பின்னல் புதிய நாணயங்களை அவ்வப்போது வழங்கும். அவ்வாறு வழங்கப்படுவதை வட்டி என்று அங்கு எவரும் அழைப்பதில்லை. ‘ரிவார்டு’, அதாவது வெகுமதி என்கிறார்கள். மொழியியல் பயின்ற எனக்கு முதலில் உறுத்தியது இச்சொல்லாட்சிதான். வட்டி என்றவுடனே இருவர் மனத்தில் எழுகின்றனர்: கொடுத்தவர், கடன்பட்டவர். வெகுமதி என்ற சொல்லில் பெறுபவர் மட்டுமே தெரிகிறார். அவருடைய தகுதியை அச்சொல் உணர்த்துகிறது. அத்தொகை யாருடைய மடியிலிருந்து வந்தது என்பதை மறைத்துவிடுகிறது.

சோழர் காலக் கல்வெட்டுகள் வட்டியைப் ‘பொலிசை’ என்று குறிக்கின்றன. பெருகுதலைக் குறிக்கும் ‘பொலி’ என்பதன் வழிவந்த சொல் அது. சொல்லில் பெருக்கம் மட்டுமே இருந்தாலும், கல்வெட்டின் வாசகம் கணக்கை முழுமையாகச் சொல்லிவிடும். இன்ன ஊர்ச் சபையார் இத்தனை காசு பெற்றுக்கொண்டனர், காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு, கோயிலுக்கு அளக்கக் கடவர் என்ற வகையில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் பேசுகின்றன. பொலிசையைச் செலுத்த வேண்டியவர் யார் என்பதில் அங்கே ஐயத்திற்கு இடமில்லை.

இந்தக் கேள்வியை, அதாவது ‘செலுத்துபவர் யார்’ என்பதை, கையில் வைத்துக்கொண்டு நைஜீரியாவின் அண்மைக்கால வரலாற்றை வாசிக்கலாம் என்பதே இப்பதிவின் நோக்கம். கிரிப்டோ பரவலைப் பற்றிய உரையாடல்களில் நைஜீரியாவை இருவகையாகவே காட்டுகிறார்கள். ஒரு சாரார் அதனை ‘நிதி விடுதலை’யின் முன்னோடி நாடு என்கின்றனர், மறுசாரார் மோசடிகளுக்கு எளிதில் இரையாகும் மக்களின் நாடு என்கின்றனர். இரண்டுமே அந்நாட்டு மக்களின் அன்றாடக் கணக்குவழக்கைப் பார்க்க மறுக்கும் சோம்பல் என்பது என் கருத்து.

நைரா 1973 ஜனவரி 1 அன்று நைஜீரிய பவுண்டின் இடத்தில் அறிமுகமானது. 1980இல் ஒரு நைராவின் மதிப்பு ஒரு டாலரைக் காட்டிலும் கூடுதல். எண்ணெய் ஏற்றுமதியை மட்டுமே நம்பிய பொருளாதாரம் என்பதால், எண்ணெய் விலை சரிந்தபோதெல்லாம் நாணயமும் உடன் சரிந்தது. 2014இன் பிற்பகுதியில் தொடங்கிய விலைச் சரிவுக்குப் பின், மத்திய வங்கி சந்தையை ஏற்பதற்கு மாறாக எண்ணை ஏற்க மறுத்தது. அலுவல்முறை மாற்று விகிதத்தை இறுக்கிப் பிடித்தது. 2015 ஜூனில் 41 வகைப் பொருள்களின் இறக்குமதிக்கு அலுவல்முறைச் சந்தையில் டாலர் கிடையாது என அறிவித்தது. டாலர் அச்சந்தையில் அரிதானது. தெருவோரச் சந்தையில் விலையுயர்ந்தது. 2016இல் நாட்டின் உற்பத்தி சுமார் 1.6 விழுக்காடு சுருங்கியது. கால் நூற்றாண்டில் அந்நாடு கண்ட முதல் பொருளாதாரப் பின்னடைவு அது.

அந்த ஆண்டில்தான் ‘எம்.எம்.எம்.’ நைஜீரியாவில் உச்சத்தைத் தொட்டது. 1994இல் ரஷ்யாவில் சரிந்து பல்லாயிரவரை வீதிக்குக் கொண்டுவந்த செர்கெய் மவ்ரோதியின் திட்டம், 2015இன் இறுதியில் நைஜீரியாவுக்குள் நுழைந்தது. மாதம் 30 விழுக்காடு என்பது அதன் வாக்குறுதி. ஆனால் அத்திட்டத்தின் சொற்களஞ்சியத்தில் முதலீடு என்ற சொல்லே கிடையாது. பணம் செலுத்துவது ‘உதவி வழங்குதல்’. திரும்பப் பெறுவது ‘உதவி பெறுதல்’. கணக்கின் அலகு, நிறுவியவரின் பெயரையே தாங்கிய ‘மவ்ரோ’. ஆள் சேர்ப்பவர் ‘வழிகாட்டி’. பணம் கிடைத்தவர் ‘மகிழ்ச்சிக் கடிதம்’ ஒன்றும் எழுதித் தரவேண்டும். சொற்பொருள் ஆய்வாளருக்கு இதனினும் வளமான தரவுத்தொகுப்பு வாய்ப்பது அரிது.

இச்சொற்கள் ஏன் எடுபட்டன என்பதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்று உண்டு. யோருபா மக்களிடம் ‘எசுசு’, இக்போ மக்களிடம் ‘இசுசு’, ஹௌசா மக்களிடம் ‘அடாஷே’ எனச் சுழற்சிமுறைச் சேமிப்பு நெடுங்காலமாக வழங்கிவருகிறது. வில்லியம் பாஸ்கம் 1952இல் எழுதிய கட்டுரை எசுசுவை ஒரு முழுமையான கடன் நிறுவனமாகவே விவரித்தது. நம்மவர் அதனைச் சீட்டு என்று உடனே அடையாளம் கண்டுகொள்வர். எசுசுவில் என் முறைக்கு வரும் பணம் மற்ற உறுப்பினர்கள் போட்டது. அவர்களை எனக்குத் தெரியும். மொத்தம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. எம்.எம்.எம். அதே உதவி மொழியை எடுத்துக்கொண்டு, மொத்தம் கூடும் என்ற ஒரே ஒரு பொய்யை மட்டும் சேர்த்தது. ஆகவே மக்கள் பேராசையால் ஏமாந்தனர் என்ற வழக்கமான தீர்ப்பை நான் முழுதாக ஏற்பதற்கில்லை. பழகிய நிறுவனம் ஒன்றின் இலக்கணத்தில் புதிய பொய் ஒன்று சொல்லப்பட்டது.

2016 டிசம்பர் 13 அன்று கணக்குகள் முடக்கப்பட்டன. அடுத்த மாதம் திரும்பி வந்த திட்டம், பிட்காயினில் உதவி வழங்கும்படி கேட்டது. சுமார் 30 இலட்சம் பேர் 1,800 கோடி நைரா இழந்ததாக வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் பின்னர் கூறியது. நைஜீரியர் பலர் பிட்காயின் என்ற சொல்லை முதன்முதலாக எதிர்கொண்டது, தொழில்நுட்பப் புரட்சியாக அன்று. சரிந்த சீட்டொன்றின் புதிய செலுத்துவழியாகவே.

பிற்காலப் பரவலை இந்தத் தொடக்கத்தை வைத்து மட்டும் விளக்கிவிட முடியாது. 2020 அக்டோபரில் காவல்துறை வன்முறைக்கு எதிரான ‘எண்ட்சார்ஸ்’ போராட்டம் எழுந்தபோது, நன்கொடை திரட்டிய பெண்ணியக் கூட்டமைப்பின் வங்கிவழிகள் அடைபட்டன. அவர்கள் பிட்காயினில் நன்கொடை பெற்றனர். அப்போது எவரும் வெகுமதி தேடவில்லை. பணம் போய்ச் சேரவேண்டும் என்பது மட்டுமே தேவை. 2021 பிப்ரவரி 5 அன்று மத்திய வங்கி, கிரிப்டோ பரிவர்த்தனை செய்வோரின் கணக்குகளைக் கண்டறிந்து மூடுமாறு வங்கிகளுக்கு ஆணையிட்டது. இந்திய வாசகர்களுக்கு இது புதிதாக இராது: 2018 ஏப்ரல் 6 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையும் இவ்வாறே வங்கித் தொடர்பைத் துண்டித்தது, 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதனை விகிதப்பொருத்தமற்றது எனக் கூறி நீக்கியது. நைஜீரியாவில் அத்தகைய நீதிமன்றத் தலையீடு நிகழவில்லை. மாற்றாக, வணிகம் நபருக்கு நபர் நேரடியாக நடக்கத் தொடங்கியது. விற்பவர் டாலருக்கு இணையான யு.எஸ்.டி.டி. நாணயத்தைச் செயலியில் பட்டியலிடுவார். வாங்குபவர் சாதாரண வங்கிப் பரிமாற்றமாக நைராவை அனுப்புவார். பரிமாற்றக் குறிப்பில் கிரிப்டோ, பிட்காயின், யு.எஸ்.டி.டி. ஆகிய சொற்களை எழுதவே கூடாது என்பது விற்பவர்கள் பலர் விதித்த நிபந்தனை. ஒரு நாட்டின் பெருவணிகம் ஒன்று, பெயர் சொல்லப்படாமல் இருப்பதையே முதல் விதியாகக் கொண்டு இயங்கியது.

மத்திய வங்கியின் அடுத்த செயல்தான் எனக்கு மிகவும் சுவையானது. தடையாணைக்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, வெளிநாட்டிலிருந்து உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியே டாலர் அனுப்பப்பட்டால், பெறுபவருக்கு டாலர் ஒன்றுக்கு 5 நைரா கூடுதலாக வழங்கப்படும் என அது அறிவித்தது. 2021 மார்ச் 8இல் தொடங்கிய இத்திட்டம் மே மாதம் முடிந்திருக்க வேண்டும், காலவரையறையின்றி நீட்டிக்கப்பட்டது. இதுவும் ஊக்கத்தொகைதான். அன்றைய அலுவல்முறை விகிதம் டாலருக்கு 410ஐ ஒட்டி. தெருச் சந்தையில் 480ஐ ஒட்டி. இடைவெளி 70 நைரா, ஊக்கம் 5 நைரா. மக்கள் கணக்குப் பார்த்தனர். பழைய வழியிலேயே சென்றனர்.

அதே அக்டோபர் 25 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் முகமது புகாரி ‘இ-நைரா’ என்னும் மத்திய வங்கி மின்நாணயத்தைத் தொடங்கி வைத்தார். அதற்கு வட்டி கிடையாது; வைத்திருப்பதால் கரைவது நின்றுவிடவும் இல்லை. அதனைக் கொண்டு ஆட்டோக் கட்டணம் செலுத்துவோருக்கு 5 விழுக்காடு தள்ளுபடி என்ற அளவுக்கு அரசு பின்னர் இறங்கி வந்தது. தொடங்கி ஓராண்டு ஆனபின் நிலையை ஆராய்ந்த பன்னாட்டு நாணய நிதியத்தின் கட்டுரை, எந்த ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டாலும் 98.5 விழுக்காடு இ-நைரா பணப்பைகள் தொடப்படாமலே கிடந்தன என்கிறது.

இனி ஸ்டேக்கிங். அதன் உள்கணக்கைப் புரிந்துகொள்ளாமல் மேலே செல்ல இயலாது. 2012இல் பியர்காயின் இம்முறையை முதலில் செயல்படுத்தியது; எத்தீரியம் 2022 செப்டம்பர் 15இல் முழுமையாக இதற்கு மாறியது. பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் உரிமை, கணினித் திறனைப் பொறுத்து அமையாமல், பிணையாக முடக்கிய நாணயத்தைப் பொறுத்து அமைகிறது. தவறு செய்தால் பிணையில் ஒரு பகுதி பறிபோகும். உழைப்பும் இடரும் இருப்பதால் ஊதியம் தருவது நியாயமே. இதை மோசடி என்று கூறுவோருடன் நான் உடன்படவில்லை. கேள்வி, அவ்வூதியம் எங்கிருந்து வருகிறது என்பது. ஒரு பகுதி பயனர்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்து வருகிறது. பெரும்பகுதி, பல வலைப்பின்னல்களில், புதிதாக வெளியிடப்படும் நாணயம்.

காஸ்மாஸ் வலைப்பின்னலின் தொடக்ககால விதி இதனைத் திறந்தே சொன்னது. மொத்த நாணயத்தில் 67 விழுக்காடு முடக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது இலக்கு. முடக்கம் இலக்குக்குக் கீழே இருக்கும்வரை புதிய வெளியீடு ஆண்டுக்கு 20 விழுக்காட்டை நோக்கி ஏறும். மேலே சென்றால் 7 விழுக்காட்டை நோக்கி இறங்கும். எடுத்துக்காட்டாக 100 நாணயங்கள் உள்ளன, 67 முடக்கப்பட்டுள்ளன, ஓராண்டில் 14 புதிதாக வெளியிடப்படுகின்றன எனக் கொள்வோம். முடக்கியவருக்குத் திரையில் தெரியும் வெகுமதி ஏறத்தாழ 21 விழுக்காடு. ஆனால் மொத்தத்தில் அவர்களுடைய பங்கு 67இலிருந்து 71 விழுக்காடாக மட்டுமே உயர்கிறது. முடக்காதவரின் பங்கு 33இலிருந்து 29 ஆகக் குறைகிறது. அந்த 4 விழுக்காடுதான் உண்மையான இடமாற்றம். செலுத்துபவர் யார் என்ற கேள்விக்கு இங்கே விடை தெளிவு: நாணயத்தை முடக்காமல் கையில் வைத்திருப்பவர். எல்லோரும் முடக்கிவிட்டால் எல்லோருடைய எண்ணும் பெருகும். எவருடைய பங்கும் பெருகாது.

பொருளியலில் இதற்குப் பழைய பெயர் ஒன்றுண்டு: பணவீக்கம். நைரா வைத்திருப்பவர் லாகோஸில் எதிலிருந்து தப்பி ஓடினாரோ, அதுவே இங்கு அவருக்கு வெகுமதி என்ற பெயரில் வழங்கப்படுகிறது. ஒரு வேறுபாட்டை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். நைஜீரிய மத்திய வங்கி அரசுக்கு வழங்கும் தற்காலிக முன்பணம் முந்தைய ஆண்டு வருவாயில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சட்டம் வரையறுத்திருந்தது. அம்முன்பணம் படிப்படியாகக் குவிந்து, 2023 மே மாதம் நாடாளுமன்றம் அதனை நீண்டகாலக் கடனாக மாற்ற ஒப்புதல் அளித்தபோது 22.7 இலட்சம் கோடி நைராவாக இருந்தது. சட்டத்தின் உச்சவரம்பு எழுத்தில் மட்டுமே நின்றது. காஸ்மாஸின் 20 விழுக்காட்டு வரம்போ நிரலின் வழியே காக்கப்பட்டது. பின்னர் உறுப்பினர் வாக்கெடுப்பால் 10 ஆகக் குறைக்கவும்பட்டது. விதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பணவீக்கத்துக்கும், விதி மீறிய பணவீக்கத்துக்கும் இடையே தேர்வு செய்யச் சொன்னால் இளைஞர் எதைத் தேர்வார் என்பது வியப்புக்குரியதன்று.

ஆயினும் அந்த இளைஞருக்குத் தேவைப்பட்டது இவ்விரண்டில் எதுவுமில்லை, டாலர். 2022 மார்ச்சில் நைஜீரிய வங்கிகள் பல, நைரா அட்டை கொண்டு வெளிநாட்டுச் செலவு மாதத்திற்கு 20 டாலருக்கு மேல் செய்ய முடியாது என வரம்பிட்டன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பக் கட்டணம் செலுத்தவேண்டிய மாணவருக்கும், மென்பொருள் சந்தா கட்டவேண்டிய வடிவமைப்பாளருக்கும் 20 டாலர் எம்மாத்திரம்? யு.எஸ்.டி.டி. அவர்களுக்கு ஊகவணிகப் பொருளாக இருக்கவில்லை. மறுக்கப்பட்ட வங்கிக் கணக்காகவே இருந்தது. அதில் வெகுமதி இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஊக்கத்தொகைகள் செய்த வேலை, டாலர் தேடி வந்தவரைக் கைப்பிடித்து அடுத்த அறைக்கு அழைத்துச் சென்றதுதான்.

அந்த அடுத்த அறைகளில் ஒன்று எஃப்.டி.எக்ஸ். அதன் செயலியில் வைக்கும் முதல் 10,000 டாலருக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு கிடைக்கும் என்றது. அமெரிக்க வங்கிகள் சேமிப்புக்கு ஏறக்குறைய ஒன்றுமே தராத காலம் அது. நைஜீரியாவில் பலர் அதனை டாலர் சேமிப்புக் கணக்காகவே பயன்படுத்தினர். லாகோஸின் நெஸ்ட்காயின் என்ற நிறுவனம் ஊழியர் ஊதியத்துக்கும் நடைமுறைச் செலவுக்கும் உரிய பணத்தை அங்கு வைத்திருந்தது. 2022 நவம்பர் 11 அன்று எஃப்.டி.எக்ஸ். திவால் மனு அளித்தது. நெஸ்ட்காயின் ஊழியர்களைக் குறைத்தது. அதே ஆண்டு மே மாதம், தென்கொரியரான டோ குவான் நிறுவிய டெர்ரா வலைப்பின்னல் சில நாள்களில் உருக்குலைந்திருந்தது. அதன் ஆங்கர் திட்டம் டாலர் இணை நாணயத்துக்குத் தந்த ஏறத்தாழ 20 விழுக்காட்டைக் கடன் வாங்கியோரின் வட்டி ஈடுகட்டவில்லை. பற்றாக்குறையைத் திட்டத்தை நிறுவியோர் தரப்பு இருப்பிலிருந்து ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் மட்டும் 45 கோடி டாலர். செலுத்துபவர் யார் என்று கேட்டிருந்தால், இருப்பு தீரும் நாள்வரை மட்டுமே செலுத்தக்கூடிய ஒருவர் என்ற விடை கிடைத்திருக்கும்.

உள்நாட்டிலும் அக்காலம் அமைதியாக இல்லை. நோட்டு மாற்றத்திட்டத்தால் 2023 தொடக்கத்தில் ரொக்கமே கிடைக்காமல் மக்கள் வங்கி வாயில்களில் நின்றனர். 2016 நவம்பரை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஜூன் 14 அன்று புதிய குடியரசுத் தலைவர் போலா தினுபுவின் ஆட்சியில் நைராவின் கட்டு அவிழ்க்கப்பட்டது. டாலருக்கு 470ஐ ஒட்டியிருந்த அலுவல்முறை விகிதம் ஒரே நாளில் 660ஐத் தாண்டியது. 2024 பிப்ரவரியில் 1,500ஐயும் தாண்டியது. அம்மாத இறுதியில், கடந்த ஓராண்டில் 2,600 கோடி டாலர் அடையாளம் காண இயலாத வழிகளில் பைனான்ஸ் நைஜீரியா ஊடாகச் சென்றது என்று மத்திய வங்கி ஆளுநர் ஒலாயெமி கார்டோசோ கூறினார். அந்நிறுவனத்தின் அலுவலர் இருவர் தடுத்து வைக்கப்பட்டனர். மார்ச்சில் பைனான்ஸ் நைரா சேவையை நிறுத்திக்கொண்டது. ஓராண்டுக்குப் பின் வரித்துறை தொடர்ந்த வழக்கில் கோரப்பட்ட தொகை 8,150 கோடி டாலர். நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

பைனான்ஸ் தூய நிறுவனம் என்று வாதிடுவது என் நோக்கமில்லை. அமெரிக்காவிலேயே அது 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட நிறுவனம். ஆனால் நைரா சரிந்ததற்கு அச்செயலியே காரணம் என்றால், அது வெளியேறியபின் நைரா மீண்டிருக்க வேண்டும். ஓரிரு மாதம் வலுப்பெற்ற நைரா, 2024 இறுதியில் மீண்டும் 1,535ஐ ஒட்டியே இருந்தது. வெப்பமானியை உடைத்ததால் காய்ச்சல் இறங்கவில்லை. அதே காலத்தில் அரசு தன் ஓராண்டுக் கருவூல உண்டியல்களுக்கு ஏறத்தாழ 21 விழுக்காடு வழங்கியது. 2024 மார்ச் பணவீக்கம் 33.2 விழுக்காடு. நாட்டிலேயே மிகப் பாதுகாப்பானது எனப்படும் முதலீட்டிலும், பெற்றவரின் எண் பெருகியது, பங்கு குறைந்தது. மேலே காஸ்மாஸுக்கு இட்ட கணக்கை இதற்கும் இடலாம்.

2025 மார்ச்சில் புதிய முதலீடு மற்றும் பங்குப்பத்திரச் சட்டம் கையொப்பமானது. அது மின்னணுச் சொத்துகளைப் பங்குப்பத்திரமாக ஏற்றது; சுழல்மோசடித் திட்டங்களுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்றது. சட்டம் வந்து சில வாரங்களே ஆன ஏப்ரலில் சி.பி.இ.எக்ஸ். என்ற கிரிப்டோ வணிகத் தளம் கணக்குகளை முடக்கியது. 30 நாளில் பணத்தை இரட்டிப்பாக்குவதாக அது சொல்லியிருந்தது. காரணமாகச் செயற்கை நுண்ணறிவைக் காட்டியது. ‘உதவி’ போய் ‘வெகுமதி’ வந்தது போல, இப்போது செலுத்துபவரின் இடத்தில் ஓர் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. இபாதானில் சினமுற்ற மக்கள் அதன் அலுவலகத்துக்குள் புகுந்து அறைகலன்களைத் தூக்கிச் சென்றனர். தளமோ, பணத்தைத் திரும்பப் பெற விரும்புவோர் கணக்கைச் சரிபார்க்க முதலில் 100 டாலர் செலுத்தவேண்டும் என்றும், இருப்பு 1,000 டாலருக்கு மேலிருந்தால் 200 டாலர் என்றும் அறிவித்தது.